தட்டு நிரம்பும் முன்

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
பதினொன்றரை பஸ்ஸில் வந்தது சடையனின் ரத்தம்,
கண்டக்டர் காலடியில்
ஐஸ் பெட்டிக்குள் சாய்ந்தபடி.

நான்கு ரோட்டு மாடியில், எங்கள் லேபில்,
சீட்டைப் பிரித்தேன்.
வயது 34. நாகலூர். எஸ்டேட்டில் மிளகு பறிப்பவர்.
கண் மஞ்சள், எட்டு நாளாக.
ஓரத்தில் வேறு பேனாவில்: குடி.
ஒரு கேள்விக்குறிகூடப் போடவில்லை.

சுழற்றி எடுத்தேன்.
சிவப்பு அடியில் தங்க
மேலே நின்ற தெளிவு வைக்கோல் நிறமாக இருந்திருக்க வேண்டும்.
செக்கு எண்ணெய் போல் இருந்தது.

எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
எஸ்.ஜி.ஓ.டி. அதற்குப் பின்னால்.
குடியில் நொந்த ஈரலென்றால் பின்னது முந்தும்,
இத்தனை உயரம் ஏறவும் ஏறாது.
காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள், சரி.
மஞ்சள் கண்ணைக் கண்டதும்
குடியென்றே காண்கிற கண்ணுக்கு என்ன வியாதி?

பி இல்லை, பட்டையில் ஒற்றைக் கோடு.
சி இல்லை.
ஏ-யும் இல்லை.
வேறு மாத்திரை, லேகியம் ஏதாவது என்று
போனில் கேட்டேன்.
“கீழாநெல்லி மட்டுந்தாங்க, அதுவும் கண்ணு மஞ்சளான பொறகு”
என்றாள் அவன் மனைவி.
பிறகு, நான் கேட்காமலே,
“அவரு தொட்டதே இல்லீங்க.”

மிச்சம் ஈ.
அதன் தட்டில் தொண்ணூற்றாறு குழி,
பணியாரச் சட்டி மாதிரிதான், விலைதான் வேறு.
நிரம்பாமல் ஓட்டாதே என்பது முதலாளி சொல்.
அஸ்தம்பட்டியும் கிச்சிப்பாளையமும் வந்து சேரும்வரை
ஃப்ரிட்ஜில் காத்திருந்தான் சடையன்,
சனிக்கிழமை மட்டும்.

நீலம் வந்தது. அமிலம் விட்டதும் மஞ்சள்.
அவன் கண்ணைப் போலவே
அவன் குழி.

ஈ என்றால் பெரும்பாலும் தண்ணீர்.
ரிப்போர்ட்டில் தண்ணீர் என்று எழுத இடமில்லை.
பாசிட்டிவ் என்று அடித்தேன்.
சீட்டின் ஓரத்துச் சொல்லை
அடிக்க எனக்கு உரிமை இல்லை.
ஸ்டேப்ளர் முள்ளை
அதன் மேலேயே குத்தினேன்.

செவ்வாய்க்கிழமைப் பெட்டியில் நான்கு குழாய்.
நான்கும் நாகலூர், ஒரே ஊற்றுக்காரர்கள்.
கடைசிச் சீட்டு:
பூங்காவனம், 22. ஏழு மாதம்.

வயிற்றுப் பிள்ளைக்காரியிடம்
ஈ எப்படி நடந்துகொள்ளும் என்று
பரீட்சைக்குப் படித்தது, மறக்கவில்லை.

தட்டைப் பிரித்தேன்.
மீதிக் குழியெல்லாம் காலியாகக் கிடக்கட்டும்,
முதலாளி கேட்டால் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டும்.
டைமரை அழுத்தினேன்.
அறுபது நிமிடம்.