மூன்று மணி வெயில்

ஹெண்டர்சன், நெவாடா. நான்காம் மாடி.
ஆறடிக்கு ஒன்பதடி பால்கனி.
பாய் மாதிரி சுருட்டிய புல்லை
லிஃப்டில் நிமிர்த்தி ஏற்றினான் ஆக்டேவியோ.
தண்ணீர் போகும் துளையைச் சுற்றி
மூன்று தரம் கத்தி போட்டான்.
முடிவில், வகிடில்லாமல் வாரிவிட்டான்.

லோர்னா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.
குத்தவில்லை.
புது ஷவர் திரைச்சீலை வாடை.

இரண்டாம் வாரம்
எதிர்க் கட்டடத்தின் ஜன்னல் கண்ணாடி
வெயிலை மடித்து அனுப்பியது.
உள்ளங்கை அகலம் புல் உருகிச் சுருண்டது.
நிர்வாகத்துக்குக் கடிதம் போட்டாள். பதில் இல்லை.

இப்போது தினம் மூன்று மணிக்கு
அந்த இடத்தில் நாற்காலி போட்டு
முதுகைக் காட்டி உட்கார்கிறாள்,
இருபது நிமிடம்.
தண்ணீரே வேண்டாம் என்று வாங்கியது
நிழல் கேட்கிறது.

வியாழன் மூன்று மணிக்குப் பல் டாக்டர்.
யாரை உட்கார வைப்பது?