சாய்வு

இரவு முழுக்கத் தூவிய பனி.
காலையில் சோதனைத் தொட்டியின் மேல்
இரண்டு விரற்கடை கனத்தில்
ஒரு குட்டிப் பால்டிக்.

மாதிரிக் கப்பல் மஞ்சள், எட்டு முழம்.
முன்னே போகிறது, நன்றாகவே.
பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர வேண்டும்.
நகரவில்லை.

கோடையில் எண்ணெய்க் கசிவை அள்ளணும்,
குளிரில் சரக்குக்கு வழி திறக்கணும்,
தீயணைக்கணும், இழுக்கணும்:
அமைச்சகத்தின் கடிதம்
ஓருடம்பில் நாலு உடம்பைக் கேட்கிறது.

தைமி ரப்பர் பூட்ஸோடு இறங்கி
அதன் விலாவைத் தடவுகிறாள்.
கூர்மை இங்கே உதவாது.
பனிமேல் ஏறிப் படுக்கணும்,
தன் கனத்தாலேயே அது நொறுங்க.
சாய்வு இரண்டு டிகிரி குறைவு.

இரண்டு டிகிரி என்றால்
ராவ்மா கப்பல் கட்டும் தளத்தில் ஆர்வோ
அவசரப்பட்டு வளைத்து முடித்த
பதினோரு தகடு.
போனில் அவன் திட்டவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.
"எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டான்.

மூன்றாம் மார்ச். போத்னியா வளைகுடா.
ஒருக்களித்து நகர்கிறது கப்பல்.
பின்னால் அகலமாய்க் கறுத்த தண்ணீர்.
தைமி தெர்மாஸைத் திறந்து
ஆர்வோவுக்கும் ஊற்றித் திரும்புவதற்குள்
ஓரங்களில், ஆறிய பாலில் போல,
மறுபடி ஆடை.