கணக்கு உதைக்கிறது

முப்பிடாதி பெயருக்கு நேரே
சிவப்பு மையில் இருபத்தாறு ஆப்சென்ட்.
பதினொன்றுக்கு ஓ.டி. சீட்டு உண்டு.
மீதிப் பதினைந்தும்
சீவலப்பேரிப் பஸ்ஸுக்கும் கபடி மைதானத்துக்கும் நடுவே
எங்கோ உதிர்ந்தவை.

உடற்கல்வி இயக்குநர் வந்தார்.
கழுத்தில் விசிலோடு
ஸ்டாஃப் ரூம் ஃபேனுக்கடியில் நின்றுகொண்டு சொன்னார்:
"ஆப்சென்ட்ட நான் பாத்துக்கிடுதேன்.
இன்டர்னல்ல நாலு மார்க்கு, அது உங்க கையில.
இதுலயும் விழுந்தா மூணாவது அரியரு.
அவ இல்லாம கோயம்புத்தூரு போறதும்
போகாம இருக்கதும் ஒண்ணுதான் சார்."

நான் கௌரவ விரிவுரையாளர்.
மூன்று மாதமாகக் கௌரவம் மட்டும்தான் வருகிறது.
உங்கள் கையில் என்று யாராவது சொல்லி
வெகுநாளாயிற்று.

சுற்றறிக்கையை மறுபடி எடுத்துப் படித்தேன்:
எழுபத்தைந்து விழுக்காடு வருகை,
இரண்டுக்கு மேல் அரியர் கூடாது,
தகுதிச் சான்றில் துறைத்தலைவர் ஒப்பம்.
விடியற்காலை ஐந்து மணி ஓட்டம் பற்றி
அதில் ஒரு வரி இல்லை.
ஓடியவள் எந்தப் பாடத்தில் பின்தங்கினாள் என்று
விசிலுக்கும் தெரியாது.

நாலு மார்க்கைப் போடவில்லை.
நேர்மையா, பயமா
இன்றுவரை பிரித்துப் பார்க்கவில்லை.

அணியின் வேன் ஹைகிரவுண்டு தாண்டிப் போன வெள்ளிக்கிழமை
அவள் இரண்டாம் பெஞ்சில் இருந்தாள்.
முட்டியில் பழைய கட்டு.
பக்கத்துப் பெண்கள் ஒன்றும் கேட்கவில்லை.
நானும்தான்.
கரும்பலகையில் இருப்பாய்வு எழுதினேன்.
பற்று இந்தப் பக்கம், வரவு அந்தப் பக்கம்,
நடுவே ஒரு கோடு.

பன்னிரண்டே காலுக்கு அவள் செல்போன் அதிர்ந்தது.
பார்த்தாள்.
கவிழ்த்து வைத்தாள்.
அதன் முதுகில் ஸ்கோர் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் தூக்கினாள்.
"சார், நாப்பது ரூவா உதைக்கு."
"கூட்டிப் பாரும்மா."
"மூணு மட்டம் கூட்டியாச்சு."

எழுந்தாள்.
காலை லேசாக இழுத்துக்கொண்டு வந்து
வாடகை என்ற வரியை
விரல் நுனியால் தொட்டுவிட்டு
என்னைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து
தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

புத்தகத்தில் நானூற்றெண்பது.
பலகையில் நான் எழுதியிருந்தது நானூற்று நாற்பது.

டஸ்டரைக் காணவில்லை.
உள்ளங்கையால் அழித்தேன்.