இருபத்தாறாவது மீற்றர்

பம்பலப்பிட்டியில், இரண்டாம் மாடியில்,
ரிஸ்கான் நானாவின் கடைக்கு
இது என் நான்காவது சனிக்கிழமை.
கண்ணாடித் தட்டின் மேல்
மறுபடியும் அதே இரண்டு கமராக்கள்.

ஒன்று செம்மஞ்சள், சவர்க்காரக் கட்டியளவு.
உறை தேவையில்லை, அப்படியே குதிக்கலாம்,
பதினைந்து மீற்றரோடு சரி.
மற்றது கறுப்பு. லென்ஸ் நல்லது.
அது குடியிருக்க ஒரு பிளாஸ்டிக் வீடு,
வீட்டின் விலை குடியிருப்பவரைவிட அதிகம்.

நான் போகும் கப்பல்
துறைமுகத்துக்கு மேற்கே
இருபத்தாறில் சாய்ந்து கிடக்கிறது.
கார்கள் ஏற்றி வந்ததாம்.
முன் ஆசனம் ஒன்றில் எப்போதும் ஒரு கலவா மீன்,
லீசிங் கட்டி முடித்த முகத்தோடு.

செம்மஞ்சள் பாதி வழியிலேயே மூச்சை விடும்.
ஆகவே கறுப்பு. இது முதல் சனிக்கிழமையே தெரியும்.
பிறகேன் இழுக்கிறீர் என்கிறார் கேதாரன்.
காசு, என்றேன். அதுவும் உண்மை,
இரண்டரை மாதச் சம்பளம்.

"இதில கடல் மோட் இருக்கு மிஸ்.
முப்பது மீற்றர்ல எடுத்த படம், பாருங்க,
செவப்பு செவப்பாவே வருது."
விளம்பரத் தாளில் ஒரு பவளக் கிளை
தேங்காய்ச் சம்பல் நிறத்தில்.

எனக்கு அதுதான் சிக்கல்.

போன மார்ச்சில், கப்பலின் ஏணிக் கம்பியில்
துரு என் பெருவிரலைக் கிழித்தது.
வலிக்கவில்லை.
இரத்தம் வந்தது.
பச்சையாக வந்தது.
வல்லாரைச் சாறு கரைந்த மாதிரி
என்னிலிருந்து அவிழ்ந்து
முகக்கண்ணாடிக்கு முன்னால் நின்றது.
சிவப்பு அவ்வளவு ஆழம் இறங்காது,
படித்திருக்கிறேன்.
படித்தது வேறு.
இசங்கவைத் தட்டிக் காட்டினேன்.
அவன் தன் பெருவிரலை உயர்த்தினான்:
மேலே போவோம்.
படகில் ஏறியதும் அது சிவந்துவிட்டது
ஒன்றும் நடக்காததுபோல.

எனக்கு வேலை இரத்த வங்கியில்.
பதினொரு வருடமாகச்
சிவப்பைப் பைகளில் அடைத்து
வகை எழுதி ஒட்டுகிறேன்.
பச்சை என்று சொன்னதும் சிரித்தார்கள்.
படம் இருக்கா, என்றாள் பெர்ணடீன்.

"நானா, இந்த மோடை நிப்பாட்டலாமா?"

"நிப்பாட்டுறதா?
அதுக்குத்தானே எல்லாரும் வாங்குறாங்க மிஸ்."

"கண்ணுக்குத் தெரியிறது அப்படியே வரவேணும்."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
கையேட்டைப் புரட்டினார்.
ஜப்பான் பக்கங்கள், கொரியப் பக்கங்கள்.
செம்மஞ்சளில் வழியேயில்லை,
தண்ணீர் பட்டதும் தானாகத் திருத்தும்,
யாரையும் கேட்காது.
கறுப்பில், ஏழாவது திரையில்,
மூன்று பொத்தான்களுக்குப் பின்னால்
ஒரு சின்னச் சதுரம்.
அணைக்கலாம்.

பிறகு உறையைச் சோதித்தோம்.
பக்கத்துத் தேத்தண்ணிக் கடையின் வாளி.
கமராவுக்குப் பதிலாக மடித்த டிஷ்யூ.
ரப்பர் வளையத்தில் ஒரு முடிகூட இல்லையென்று
விரல் நுனியால் இருமுறை தடவிப் பூட்டினார்.
மிதக்கப் பார்த்தது.
சட்டைக் கை நனைய அவரே அமுக்கிப் பிடித்தார்.

இருபது நிமிடம்.
ஒரு பையன் மெமரி கார்ட் கேட்டு வந்து
வாளியையும் எங்களையும் பார்த்துவிட்டுப் போனான்.
காலிமுகத்தில் முழங்கால் வரைக்கும்தான்
கடலுக்குள் இறங்கியிருக்கிறாராம் நானா.

"கீழுக்க என்ன மிஸ் எடுக்கப் போறீங்க, மீனா?"

"என் விரலை."

என் முகத்தைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல்
இன்னும் கொஞ்சம் ஆழமாக அமுக்கினார்.

டிஷ்யூ உலர்ந்தே இருந்தது.
ஆறு தவணை. கையொப்பம் வைத்தேன்.

கீழே காலி வீதியில் மழை.
வெள்ளவத்தை வரைக்கும் அசையாத வாகனங்கள்,
ஒவ்வொன்றின் பின்னாலும் இரண்டு சிவப்பு.
இன்னும் மூன்று வாரத்தில் கடல் தெளிந்துவிடும்.
பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
தழும்புகூட இல்லை.
அதற்கு என்ன செய்வதென்று
இனித்தான் யோசிக்க வேண்டும்.