பதினெட்டு மெகாபைட்

திரையில் மணி இரண்டு நாற்பது.
சுவரில் மூன்று.
மேசைமேல் மயங்கிக் கிடக்கும் நாயின் விலாவில்
மணி கிடையாது,
ஏறுவது, இறங்குவது, அவ்வளவுதான்.

ஈசாஃபியோர்துரில் மலைச்சாலையை மூடிவிட்டார்கள்.
அடுத்த கால்நடை மருத்துவர்
மலைக்கு அந்தப் பக்கம்.

கோப்பூர் தூண்டில் முள்ளை விழுங்கியிருக்கிறது,
கோத்திருந்த மீன்துண்டோடு.
எல்ட்யார்ன் படகுக் காலணியோடு நிற்கிறான்,
காலடியில் பனி உருகி ஒரு குட்டை.
"படம் எடுத்தாச்சுல்ல? பாக்க வேண்டியதுதானே?"

எடுத்தாயிற்று.
படம் பெட்டிக்குள் இருக்கிறது.
பெட்டியின் வாசலில் என் பெயர்,
பெயருக்குக் கீழே வெள்ளைக் கட்டம்,
கட்டத்துக்குள் துடிக்காமல் ஒரு கோடு.
சுட்டியை இழுத்தால் வராது.
எழுத்தை அழுத்தினால் விழாது.

சாயங்காலம் "புதுப்பிப்புகள் தயார்" என்று கேட்டது.
சரி என்று அழுத்தியது நான்.
நானூற்றுப் பன்னிரண்டு பொதிகள்,
காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது,
ஒன்றையும் படிக்கவில்லை.
ஹால்பெராவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.
கையுறை மாட்டிக்கொண்டு
அவள் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அணைத்து ஏற்றினேன்.
இப்போது மூன்று ஏழில் உறைந்து நிற்கிறது.
முன்னேற்றம்தான்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று.
ஒரு கணம் ஒன்றுமில்லை,
பிறகு கறுப்பு.
கறுப்பின் இடது மூலையில் பெயர் கேட்கிறது,
வரவேற்பு இல்லை, வால்பேப்பர் இல்லை.
கடவுச்சொல்லை அடிக்கிறேன்,
ஒரு புள்ளிகூடக் காட்டாது,
இருட்டில் சட்டைப் பித்தான் போடுவதுபோல
விரல்களை நம்பித்தான்.

உள்ளே எல்லாம் விழித்திருக்கிறது.
உறைந்தது முகம் மட்டும்.
கோப்புகள் வரிசையாக இறங்குகின்றன,
அதோ, கடைசி வரியில்:
கோப்பூர், இரண்டு ஐம்பத்தொன்று, பதினெட்டு மெகாபைட்.

பதினெட்டு மெகாபைட் என்று
நாய்க்காரனிடம் சொல்லிப் பாருங்கள்.
"அதுல முள் எங்க இருக்கு?"
எடை தெரியும். இடம் தெரியாது.

நாளேட்டைப் புரட்டினேன். சிவப்பு வரிகள்.
ஒரே புகார், நாற்பது தடவை:
புதுக் கெர்னல் வந்துவிட்டது,
திரைக்கான டிரைவர் வரவில்லை.
ஏதோ மலைப்பாதை பஸ்ஸைப் பற்றிய புகார் போலிருந்தது.
கூப்பிட்டிருக்கிறது, பதில் இல்லை,
மறுபடி கூப்பிட்டிருக்கிறது.
பொறுமைசாலி.
எனக்கு அவ்வளவு இல்லை.

டிரைவரை வரவழைக்க இணையம் வேண்டும்.
இணையம் பத்து மணிக்கே காற்றோடு போயிற்று.
நாய் ஒருமுறை முனகியது.

மறுபடி அணைத்து,
ஷிஃப்டின் மேல் கட்டைவிரலை ஊன்றிக் காத்திருந்தேன்.
பட்டியல் வந்தது. முதல் வரி புதியது.
அதற்குக் கீழே,
நீக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத
போன மாதத்துக் கெர்னல்.
அம்புக்குறி ஒருமுறை கீழே.
என்டர்.

கட்டம்.
கட்டத்துக்குள் கோடு.
துடிக்கிறது.
மூன்று இருபத்தெட்டு
மூன்று இருபத்தொன்பது ஆனதை
மூன்று பேரும் வாய் பேசாமல் பார்த்தோம்.

சாம்பல் விலாக்களுக்குப் பின்னால்
வெள்ளையாக, வளைந்து,
ஒரு காற்புள்ளி.
"இத்தனூண்டா?" என்றான் எல்ட்யார்ன்,
தினம் நூறு முள் கோக்கிறவன்.

ஹால்பெரா கத்தியை எடுத்துவிட்டாள்.
"நான்தான் அப்டேட் போட்டேன், சாயங்காலம்" என்றேன்.
"விளக்கைக் கொஞ்சம் இடது பக்கம்" என்றாள்.