இடது பின்னங்கால்

புகார்ப் பிரிவுக்கு வரும் நாற்காலிகள்
உடைந்துதான் வரும்.
ஒரு ரசீது, நாலாக மடித்த கோபம்.
இது மட்டும் நின்றுகொண்டு வந்தது.
ஒயோனாவில் பிப்ரவரி; வாசலெங்கும் சேறான பனி.
லாரிக்காரன் மேசையருகே இறக்கிவைத்ததும்
அறை முழுக்க
பெயின்ட் காயாத வீட்டின் வாசம்.

வெள்ளை என்று விற்றது.
பதினோரு கோடை தின்றதுபோக
தேய்த்தால் விரலில் சுண்ணாம்பாய் ஒட்டியது.
இடது பின்னங்கால் இருக்கையோடு சேரும் வளைவில்
நீளமாய் ஒரு பிளவு.
பிளவை மூடித்
தேன் நிறத்தில் ஒரு முண்டு.
முண்டுக்குள் இரண்டு பைன் ஊசி, ஓர் எறும்பு.

கடிதம் லாந்து காட்டுப் பக்கமிருந்து,
ஓடெட் துபூர்க் அம்மாள்:
"பணம் வேண்டாம்.
உங்கள் அட்டையில் 'ரெசின் நாற்காலி' என்றிருக்கிறது.
எங்கள் வீட்டைச் சுற்றி நிற்பவை எல்லாம் பைன்.
கீறினால் ரெசின் வடியும்.
என் கணவர் அதைக் காய்ச்சி, தேன்மெழுகு கலந்து பூசினார்.
ஒட்டவில்லை.
ரெசினோடு ரெசின் ஏன் ஒட்டவில்லை?
இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்."

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
பணம் திருப்புக, மாற்றித் தருக, நிராகரிக்க.
பதிலுக்குக் கட்டம் இல்லை.

முண்டைத் தொட்டேன்.
முழுசாய்க் கழன்று கைக்கு வந்தது.
"பாலிபுரொப்பிலின்," என்று சிரித்தான் அச்சுப் பிரிவு இல்ஹான்,
"கூடப்பிறந்ததோடும் ஒட்டாது."

எப்படி எழுதுவது அந்த அம்மாளுக்கு?
இந்தப் பள்ளத்தாக்கு முதலில் சீப்பு செய்தது.
மரத்தில், மாட்டுக் கொம்பில்,
பிறகு பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும் செல்லுலாய்டில்.
பெண்கள் கூந்தலைக் கத்தரித்த ஆண்டில்
சீப்புக்கு வேலை போயிற்று.
பொம்மை, கண்ணாடிச் சட்டம், வாளி என்று அலைந்து
கடைசியில் உட்காரக் கற்றது ஊர்.
எண்ணெயிலிருந்து சமைத்த குருணைக்கு
மரத்தின் காயத்திலிருந்து ஒரு பெயரை எடுத்துப் போர்த்தினார்கள்.
பிளாஸ்டிக் என்றால் எட்டு யூரோ,
ரெசின் என்றால் இருபது.
இருநூற்று முப்பது டிகிரியில் உருகி,
ஒரு நிமிடம் அச்சுக்குள் மூச்சடக்கி,
நான்கு காலும் ஒரே பிறப்பாய் விழும்.
ஆணி இல்லை, பசை இல்லை, மூட்டு இல்லை.
அதனால் உடைந்தால் சேர்க்கவும் வழியில்லை.

இவ்வளவும் எழுதினேன்.
பழக்கத்தில் நாற்காலியைத் தராசில் ஏற்றினேன்.
இரண்டு கிலோ முந்நூறு.
பழைய வரைபடத்தில் இரண்டரை.

அந்த வருடம் குருணை விலை ஏறியிருந்தது.
நாற்காலிக்கு இருநூறு கிராம் மிச்சம் என்று
ஒரு தாள் வந்தது:
கால் வளைவில் கனம்,
நாலு மில்லிமீட்டரிலிருந்து மூன்றரைக்கு.
தாளின் அடியில் தரப்பரிசோதனைக் கையெழுத்து.
என் கையெழுத்துதான்.
அப்போது அதில் சுழி இன்னும் பெரிதாக இருந்தது.
அந்த போனசில் வாங்கிய சலவை இயந்திரம்
இன்றும் ஓடுகிறது.

நிர்வாகம் அனுப்பச் சொன்ன அச்சுக்கடிதத்தின் பின்புறம்
பேனாவால் எழுதினேன்:
பெயர் மட்டும்தான் ஒன்று, அம்மா.
சொந்தம் இல்லை.
கால் மெலிந்தது வெயிலால் மட்டும் அல்ல.
மெலியவிட்டவள் நான்.

மார்ச் கடைசியில் பதில் வந்தது.
"விளக்கத்துக்கு நன்றி.
சொந்தமில்லை என்றால் சரி,
இரும்புத் தகடு வைத்து நாலு ஸ்க்ரூ போட்டுக்கொள்கிறோம்.
என் கணவருக்கு வேறு நாற்காலியில் முதுகு வலிக்கிறது.
உடனே திருப்பி அனுப்பவும்.
முண்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்,
அடுப்பு மூட்ட உதவும்."

எனக்கு அடுப்பு இல்லை, மின்சாரம்தான்.
முண்டு மேசையில் கிடந்து,
ஜூன் வெக்கையில் இளகி,
நிராகரித்த படிவங்கள் ஏழையும்
ஒன்றாக ஒட்டிவிட்டது.

நாற்காலியை அனுப்பினேன்.
தபால் செலவு இருபத்தேழு யூரோ.
எந்தக் கணக்கில் எழுதுவது என்று
இன்னும் தெரியவில்லை.