இருபத்தேழு ஏ

ஏரோப்ளேனில் போயிருக்கிறீர்களா என்று
பாம்பன் டீக்கடையில் யாராவது கேட்டால்
எமரிட் கையைத் தூக்குவான்.
நானும் தூக்குவேன்.
இரண்டு பேருக்கும் ஒருவழிப் பயணம்.

போனது விசைப்படகில்.
சனிக்கிழமை டோக்கன்.
கச்சான் தள்ளியது பாதி,
இறால் இழுத்தது பாதி, பொய் சொல்ல மாட்டேன்.
தலைமன்னார் விளக்கு தெரிகிற தூரம்.
அங்கிருந்து எஞ்சின் ஒத்துழைத்தால்
வீட்டுக்கு மூன்று மணி நேரம்.

நாற்பத்தேழு நாள் கழித்து
கொழும்பு விமான நிலையத்தில்
பெல்ட்டைக் கழற்று, ஷூவைக் கழற்று என்று
எல்லாரையும் நிறுத்தி வைத்திருந்தார்கள்.
பதினொரு பேர் நாங்கள், வெறுங்காலோடு.
கழற்ற ஒன்றுமில்லாததால்
சீக்கிரம் உள்ளே போனோம்.

இருபத்தேழு ஏ. சன்னல்.
முன்சீட்டு முதுகில் சின்னத் திரை,
அதில் ஒரு கோடு, கோட்டின் மேல்
வெள்ளையாய் ஒரு விமானம் ஊர்ந்தது.
சென்னைக்கு அறுநூற்று எண்பது கிலோமீட்டர்.
ஒரு மணி இருபது நிமிடம்.
எமரிட் எட்டிப் பார்த்து
"எத்தனை பாகம்?" என்றான்.
முப்பதாயிரம் அடியை ஆறால் வகுத்து
ஐயாயிரம் என்றேன்.
"வலை எட்டாது."
சொல்லிவிட்டு ஜூஸை
இரண்டாம் முறை கேட்டு வாங்கினான்.

நீரிணை வந்தது.
இந்த இடத்தில் நம் ஜிபிஎஸ் கத்தும்.
எஞ்சின் சத்தத்தில் கேட்காத மாதிரி
ஐஸ் உடைத்துக்கொண்டிருப்போம்.
இங்கே ஒன்றும் கத்தவில்லை.
பணிப்பெண் வந்து
காலிக் கோப்பைகளை எடுத்துப் போனாள்.

கீழே பார்த்தேன்.
வீட்டைத் தேடவில்லை.
காரைநகரில் கட்டிப்போட்ட படகைத் தேடினேன்.
பதினெட்டு லட்சம், முக்கால்வாசி கடன்.
அதற்கு யாரும் டிக்கெட் போடவில்லை.

ஊர்ப்பக்கமாய்ப் பறந்து, ஊரைத் தாண்டி,
வடக்கே சென்னையில் இறங்கி
ஒரு போட்டோ, ஒரு பிஸ்கட் பாக்கெட்,
ஒரு வேன்.
அதே தூரத்தைத் தரையில் திரும்ப வந்தோம்,
பதினொரு மணி நேரம்.
மானாமதுரையில் டயர் பஞ்சர்.
அதையும் சேர்த்தால் பன்னிரண்டு.
பாலத்தில் ஏறும்போது விடிந்திருந்தது.
வாடை முகத்தில் அடித்ததும்
வேனுக்குள் ஒருத்தரும் பேசவில்லை.

ஜெனோவாவிடம் வேறு கணக்கு இருந்தது.
வக்கீலுக்கு வளையல், போன் கார்டுக்குத் தோடு,
மூன்று தடவை ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ்,
பஸ்ஸில் நின்றபடி.
அதில் எதையும் அவள் சொல்லவில்லை.
சோற்றைப் போட்டுவிட்டு
"ப்ளேன்ல காது அடைச்சுதா?" என்றாள்.
அடைச்சுது, இன்னும் சரியா கேக்கல என்றேன்.
அப்போதுதான் அழுதாள்.

இப்போது பிலேந்திரன் படகில் பங்குக்குப் போகிறேன்.
எமரிட்டும்தான்.
காலை பத்தேகால் வாக்கில்
தலைக்கு மேலே ஒன்று போகும்.
வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வான்:
"இந்நேரம் ஜூஸ் குடுத்திருப்பாங்க."